சுவரில் இரண்டு பள்ளங்கள்: ஒரு வெள்ளிப் பட்டறை வீட்டில் காரீயம்

இந்தக் குடும்பத்திடம் கேட்டு, அவர்கள் சரி என்று சொன்ன பிறகே எழுதுகிறேன். பெயரும் தெருவும் இதில் வராது. சேலத்தில் செவ்வாய்ப்பேட்டை, சிவதாபுரம், பனங்காடு என்று எந்தப் பக்கம் போனாலும் வீட்டுத் திண்ணையில் கொலுசு வேலை நடக்கும். ‘கொலுசுப் பட்டறை வீடு’ என்று மட்டும் சொன்னால் யாரையும் அடையாளம் கண்டுவிட முடியாது. நான் பொது மருத்துவம் பார்ப்பவன். நடந்ததில் என் தவறும் உண்டு. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

வந்தது எதற்காக

கோட்டை மாரியம்மன் ஆடிப் பண்டிகைக் கூட்டம் கலைந்த வாரம். 24 வயதுப் பெண், இரண்டாவது கர்ப்பம், 17-ஆவது வாரம். மாமியார் கூட வந்திருந்தார். மூன்றரை வயது மகன் மேசை மேலிருந்த ஸ்டெதாஸ்கோப்பை இழுத்துக்கொண்டிருந்தான்.

அசதி, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, தொப்புளைச் சுற்றி அவ்வப்போது சுருட்டிப் பிடிக்கிற வலி, மூன்று நாளைக்கு ஒருமுறைதான் வெளியே போகிறது. ஹீமோகுளோபின் 8.1. ரத்த அழுத்தம் சரியாக இருந்தது, ஸ்கேனில் குழந்தையும் நன்றாக இருந்தது.

2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியக் கர்ப்பிணிகளில் 52.2 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. இரண்டு பேர் வந்தால் ஒருவருக்கு இருக்கிற நோயைப் பார்த்து யாரும் புருவத்தை உயர்த்துவதில்லை. நானும் உயர்த்தவில்லை. இரும்பு மாத்திரை இரண்டு வேளை, குடற்புழுவுக்கு ஒன்று, முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் என்று வழக்கமான பாட்டைப் பாடி அனுப்பினேன். மலச்சிக்கல் மாத்திரையால் வருவது, வலி மலச்சிக்கலால் வருவது என்று ஒரு காரணத்தை இன்னொரு காரணத்தால் மூடிவிட்டேன். மாத்திரை தொடங்குவதற்கு முன்பிருந்தே மலச்சிக்கல் இருந்ததை என் குறிப்பிலேயே எழுதி வைத்திருக்கிறேன். எழுதிய நானே அதைப் படிக்கவில்லை.

ஏழு வாரம் கழித்து ஹீமோகுளோபின் 8.3. ஒழுங்காக மாத்திரை போடுகிற கர்ப்பிணிக்கு இந்த இடைவெளியில் ஒரு கிராமாவது ஏறியிருக்க வேண்டும். “மாத்திரை போடறியாம்மா?” என்று கொஞ்சம் கடுமையாகவே கேட்டேன். “போடறேன் சார்” என்றார். “பாதி நாளு தூக்கிப் போட்டுருதுங்க” என்றார் மாமியார். இரண்டுமே உண்மை என்று பின்னால் தெரிந்தது. மாத்திரை போட்ட நாட்களில் வயிறு இன்னும் இறுகியதால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டிருக்கிறார்.

நீலப் பொட்டு

இந்த முறை ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவிப் பார்க்கச் சொன்னேன். மாலையில் ஆய்வகத்திலிருந்து போன். “சார், செல்லுக்குள்ள நீலப் பொட்டு நெறைய இருக்குது. ஒருதரம் வந்து பாத்துருங்க.” அந்த ஆய்வகப் பெண் அன்றைக்கு அவசரமாக ‘சிறிய, வெளிறிய அணுக்கள்’ என்று மட்டும் எழுதி அனுப்பியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

நுண்ணோக்கியில் பார்த்தேன். வெளிறிய சிவப்பணுக்களுக்குள் கருநீலத்தில் பொடிப்பொடியாகப் புள்ளிகள், தட்டில் ரவை சிந்தியதுபோல. சிவப்பணு முதிரும்போது உள்ளே இருக்கும் ஆர்.என்.ஏ. மிச்சம் கரைந்துபோக வேண்டும். அதைக் கரைக்கும் நொதியைக் காரீயம் (ஆங்கிலத்தில் லெட் என்கிற உலோகம்) முடக்கினால் மிச்சம் திரண்டு இப்படிப் பொட்டுப் பொட்டாக நிற்கும். தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாட்டின் கூறு உள்ளவர்களிடமும் இதே பொட்டு வரும் என்பதால் முதலில் அதைப் பார்த்தோம். ஹீமோகுளோபின் வகைப்பாட்டுச் சோதனை சரியாக வந்தது. உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 9தான். ஆக இரும்புக் குறைவு பொய்யில்லை. ஆனால் அதோடு வேறு ஏதோ சேர்ந்திருக்கிறது.

அவருடைய அட்டையை எடுத்துப் பார்த்தேன். ‘தொழில்’ என்ற இடத்தில் ‘இல்லத்தரசி’ என்று என் கையெழுத்து.

“வீட்ல என்ன வேலைம்மா நடக்குது?”

“கொலுசு வேலைங்க சார். நானும் பொடி வெச்சு ஊதுவேன்.”

ஊதுகுழலில் தீயை ஊதி, வெங்காரமும் பற்றாசுப் பொடியும் வைத்து வளையங்களை ஒட்டுகிற வேலை. நாளைக்கு நான்கு மணி நேரமாம். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

ரத்தத்தில் காரீய அளவு பார்க்கும் சோதனை எல்லா ஆய்வகத்திலும் கிடையாது. மாதிரியை வெளியூருக்கு அனுப்பினோம். ஐந்தாம் நாள் முடிவு வந்தது: ஒரு டெசிலிட்டரில் 41 மைக்ரோகிராம். இனி வரும் ரத்த எண்கள் எல்லாம் இதே அளவுகோலில்தான். இதற்கு மேல் இருந்தால் தேட வேண்டும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் குழந்தைகளுக்கு வைத்திருக்கிற எண் 2021 முதல் 3.5. உலக சுகாதார நிறுவனம் அதே ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல், 5 வந்தாலே எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்தச் சொல்கிறது. இவ்வளவு வரை இருந்தால் பாதுகாப்பு என்று யாரும் ஓர் அளவைச் சொல்வதில்லை.

வீட்டில்

ஞாயிற்றுக்கிழமை காலையில் நகர்ப்புற சுகாதாரச் செவிலியர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு போனேன்.

முன்னறைதான் பட்டறை. இரண்டு தாழ்ந்த பலகை, கம்பி இழுக்கும் இயந்திரம், மூலையில் திராவகக் குடம். தீபாவளி ஆர்டர் நேரம் என்பதால் கணவர் தலை நிமிராமல் வேலை செய்துகொண்டிருந்தார். நடு அறையில் சமையல், படுக்கை. பின்னால் ஒரு திறந்த இடம், எங்கள் பக்கத்தில் பொடக்காளி என்போம். துணி துவைக்கிற கல், தண்ணீர்த் தொட்டி, ஒரு பழைய மண் சுவர்.

சந்தேகப்பட்ட பொருள்களின் பட்டியல் என் பையில் இருந்தது. முதலில் பற்றாசு. தங்கத்தில் ‘கேடிஎம்’ என்று எல்லோரும் சொல்கிறோமே, அது காட்மியம் கலந்த பற்றாசின் பெயர்தான். வெள்ளிப் பற்றாசிலும் காட்மியம் சேர்ப்பதுண்டு. அதன் புகை நுரையீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் கெடுதல். ஆனால் நீலப் பொட்டுக்கும் காட்மியத்துக்கும் சம்பந்தமில்லை. அவருடைய ரத்தத்தில் காட்மியத்தையும் பார்த்தோம், கவலைப்படும் அளவில் இல்லை. திராவகம் தொண்டையையும் கண்ணையும் எரிக்கும், காரீயம் தராது. மஞ்சள்தூள், குங்குமம், பையனின் கண்மை, பூஜை அறைக் கதவில் உரிந்திருந்த பழைய பெயின்ட் எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்துக்கொண்டோம். மஞ்சளுக்கு நிறம் ஏற்ற லெட் குரோமேட் என்ற காரீய நிறமியைப் பூசுகிற ஏமாற்று வேலை தெற்காசியாவில் பல இடங்களில் பிடிபட்டிருக்கிறது. மஞ்சள் விளைகிற ஊரில் இருந்துகொண்டு அதை விட்டுவிட முடியாது. எல்லாம் சுத்தமாகவே வந்தன.

பொடக்காளியில்தான் விஷயம் இருந்தது. சுவரோரம் வரட்டி அடுக்கியதுபோல வட்ட வட்டமாகச் சாம்பல் கட்டிகள், பதினான்கு. மேல்பக்கம் மஞ்சளும் ஆரஞ்சுமாகக் கண்ணாடிபோல் உருகி உறைந்திருந்தது. பக்கத்தில் ஒரு ஊதுகாற்று மோட்டார், கரி, தகரத்தின் அடியில் பழைய பேட்டரித் தகடுகள்.

மாமனார் தயங்காமல் விளக்கினார். கொலுசுத் தொழிலில் கூலிக்காரருக்கு வியாபாரி வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார். ஒத்துக்கொண்ட சேதாரம் போக மிச்சத்தைக் கொலுசாக எடை போட்டுத் திருப்ப வேண்டும். அரத்தில் தேய்ந்தது, தரையில் சிந்தியது, கை கழுவிய தண்ணீரில் போனது எல்லாம் கூலிக்காரர் கணக்கு. அதனால் பட்டறை வீட்டில் பெருக்கிய குப்பையை யாரும் வெளியே கொட்டுவதில்லை. சேர்த்து வைத்து எரித்து, உருக்கி, வெள்ளியைப் பிரிப்பார்கள். கண்பார்வை குறைந்து நுணுக்க வேலை முடியாமல் போனதும் மாமனார் இதையே தொழிலாக்கிக்கொண்டார். அக்கம்பக்கத்துப் பட்டறை மண்ணையும் வாங்கி உருக்கிக் கொடுக்கிறார். இரண்டரை ஆண்டாக, வாரத்துக்கு ஓரிரு இரவு, ஊர் அடங்கிய பிறகு.

முறை பழையது. சாம்பலைக் குழைத்துத் தட்டிய படுகையில் பட்டறை மண்ணோடு காரீயத்தையும் வெங்காரத்தையும் போட்டு ஊதுவார்கள். காரீயம் 327 டிகிரியில் உருகிவிடும், வெள்ளிக்கு 962 டிகிரி வேண்டும். உருகிய காரீயம் வெள்ளியைத் தன்னோடு சேர்த்துக்கொள்ளும். தொடர்ந்து காற்று அடித்தால் காரீயம் காற்றோடு கூடி மஞ்சள் பொருளாக மாறிச் சாம்பலுக்குள் இறங்கிவிடும். நாட்டு மருந்துக் கடைக்காரர்கள் மிருதார்சிங்கி என்பார்களே, அதுதான் அந்த மஞ்சள். ஒரு பகுதி புகையாக மேலே போகும். கடைசியில் வெள்ளி மணி மட்டும் மின்னிக்கொண்டு நிற்கும். “அந்தப் பளிச்சு வர்ற நேரம் பாக்கணுமே சார்” என்றபோது அவர் முகமும் பளிச்சென்றுதான் இருந்தது. நீட்டிய கை நடுங்கியது.

புகையாகப் போனது எங்கே போகும்? சுற்றியிருந்த தரையிலும், துவைக்கிற கல்லிலும், அந்த மண் சுவரிலும் படியும். இரண்டரை ஆண்டுப் படிவு.

புறப்படுகிற நேரத்தில் செவிலியர் சுவர் அருகே நின்றுவிட்டார். துவைக்கிற கல்லை ஒட்டி, என் நெஞ்சு உயரத்தில் சுவரில் ஒரு பள்ளம். உள்ளங்கை அகலம், ஓரமெல்லாம் வழுவழுப்பு, நடுவில் நகம் பட்ட கோடுகள் புதிதாக. அதற்கு நேர் கீழே, என் முட்டிக்கு ஒரு சாண் மேலே, இன்னொரு பள்ளம். அது ஒரு ரூபாய்க் காசு அளவுதான்.

செவிலியர் மேலே இருந்ததைத் தொட்டுக் காட்டி, “இது நீதானம்மா?” என்றார். அந்தப் பெண் தலை குனிந்தார். கொஞ்ச நேரம் கழித்து, “மழ பேஞ்சா அந்த வாசத்துக்கு நாக்கு ஊறுதுங்க. ஒரு சிட்டிகதான்” என்றார். கீழே இருந்ததை யாரும் கேட்கவில்லை. பையன் அப்போதும் அந்தச் சுவரில்தான் சாய்ந்து நின்றான்.

மசக்கையில் மண், சாம்பல், திருநீறு, பச்சரிசி என்று தின்பதை நம் ஊர்ப் பாட்டிமார் எல்லோரும் அறிவார்கள், சிரித்துக்கொண்டே சொல்வார்கள். இரும்புச்சத்து குறைந்தவர்களிடம் அந்த ஆசை அதிகம். இதில் ஒரு கொடுமை உண்டு. இரும்பு குறைந்த குடல், இரும்பை உள்ளே இழுக்கும் வாசலை அகலத் திறந்து வைத்திருக்கும். அதே வாசல் வழியாகக் காரீயமும் நுழையும். நுழைந்த காரீயம் ஹீமோகுளோபின் தயாரிப்பைக் கெடுக்கும். ரத்தசோகையால் மண், மண்ணால் காரீயம், காரீயத்தால் மறுபடி ரத்தசோகை. நான் ஏழு வாரம் இந்தச் செக்கைச் சுற்றி மாத்திரை எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஈயம் வேறு, காரீயம் வேறு

வீட்டாரை நம்ப வைப்பதுதான் கஷ்டமாக இருந்தது. தடை எங்கிருந்து வந்ததென்றால், ஒரு சொல்லிலிருந்து. “ஈயச் சொம்புல ரசம் வெச்சுத்தான சார் மூணு தலமொறயா சாப்புடறோம். ஈயம் எப்படி வெசமாகும்?” என்றார் மாமனார்.

நியாயமான கேள்வி. ஈயச் சொம்பு வெள்ளீயத்தில் செய்வது. பேட்டரியில் இருப்பது காரீயம். இரண்டும் வேறு வேறு உலோகம், பேச்சில் இரண்டுக்கும் ‘ஈயம்’ என்றே பெயர். விலை மலிவு என்பதால் வெள்ளீயத்தில் காரீயத்தைக் கலக்கிற ஏமாற்றும் உண்டு. அப்படிக் கலந்த சொம்பில் புளி ரசம் கொதித்தால் காரீயம் ரசத்தில் இறங்கும். அதனால் அந்த வீட்டுச் சொம்பிலேயே ரசம் வைத்து அதையும் சோதனைக்கு அனுப்பினோம். மாமியாரின் தாய்வீட்டுச் சீதனம் அது. குற்றமற்றது என்று முடிவு வந்தபோது அவருக்குத்தான் நிம்மதி. அதற்குப் பிறகு அவர்தான் எனக்குப் பெரிய துணையாக இருந்தார். சொம்பை நாங்கள் பழிக்கவில்லை என்பது காரணமாக இருக்கலாம்.

எண்கள்

வீட்டில் எல்லோருக்கும் ரத்தம் பார்த்தோம். அந்தப் பெண்ணுக்கு 41, பையனுக்கு 33, மாமியாருக்கு 28, கணவருக்கு 24, மாமனாருக்கு 62.

மண் மாதிரிகளில், உருக்குகிற இடத்தில் கிலோவுக்கு 6,500 மில்லிகிராம் காரீயம். சுவரில் 1,800. சமையல் பகுதி வாசற்படித் தூசியில் 1,100. வாசல் தெருவில் 70. குழந்தைகள் விளையாடும் மண்ணுக்கு அமெரிக்காவில் நெடுநாள் வைத்திருந்த எல்லை 400.

சிட்டிகை என்பதை அரை கிராம் என்றே வைத்துக்கொள்வோம். 1,800 கணக்கில் அது 900 மைக்ரோகிராம் காரீயம். பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு உணவு வழியே ஒரு நாளைக்கு 8.8 மைக்ரோகிராம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒரு குறிப்பெண் வைத்திருக்கிறது. ஒரே சிட்டிகை அதைப் போல நூறு மடங்கு. விழுங்குவதில் பெரியவர் உடம்பு சுமார் பத்தில் ஒரு பங்கைத்தான் எடுத்துக்கொள்ளும். சிறு குழந்தையின் உடம்பு பாதி வரை எடுத்துக்கொள்ளும்.

கணவருக்கும் அந்தப் பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனியுங்கள். பட்டறையில் பத்து மணி நேரம் இருப்பவர் கணவர். நான்கு மணி நேரம் மட்டும் இருப்பவர் மனைவி. அதிகம் மனைவிக்கு.

செய்தது

ரத்தத்திலிருந்து காரீயத்தைப் பிடித்து வெளியேற்றும் மருந்துகள் உண்டு. பொதுவாக 45-ஐத் தாண்டினால்தான் அதை யோசிப்பது, கர்ப்பிணிக்கு என்றால் இன்னும் தயக்கம். 41-இலும் 33-இலும் மருந்தை விட முக்கியம், இருக்கும் இடத்தை விட்டு நகர்வது. மாமனாரை மட்டும் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினேன்.

அந்தப் பெண்ணையும் பையனையும் அவருடைய தாய்வீட்டுக்கு அனுப்பச் சொன்னேன். ஏற்காட்டில், காபித் தோட்டத்தை ஒட்டிய சின்ன ஊர். “ரெண்டாவது பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்கு அனுப்புனா ஊர்ல என்ன பேசுவாங்க?” என்று கேள்வி எழுந்தது. “டாக்டர் மலக்காத்து வாங்கச் சொன்னாருன்னு சொல்லிருங்க” என்று செவிலியர் ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்கு இந்தச் சாமர்த்தியம் கிடையாது.

அங்கேயும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது. அக்டோபர் தொடங்கி டிசம்பர் வரை காபிச் செடியின் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வண்டு பறக்கிற பருவம். தண்டுக்கு மருந்தடிப்பார்கள், பெரும்பாலும் குளோர்பைரிபாஸ். இது கர்ப்பத்தில் தாய்க்குள் போனால் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் என்ற கவலையில்தான் பல நாடுகள் இதை ஒதுக்கி வருகின்றன. எண்ணெய்ச் சட்டியிலிருந்து அடுப்பில் விழ வைக்கக் கூடாதே. அவருடைய அண்ணனிடம் போனில் பேசினேன். மருந்து டப்பா திண்ணையில் இருந்தது, தோட்டத்துக் கொட்டகைக்கு மாறியது. அடித்துவிட்டு வந்த துணியைத் தனியே துவைப்பது, காலி டப்பாவில் தண்ணீர் பிடிக்காமல் இருப்பது, இவ்வளவுதான் கேட்டேன். செய்தார்கள்.

வாய்வழி இரும்பை நிறுத்தி, ஊசியில் இரும்பு ஏற்றினோம். கால்சியம் காலை 500, இரவு 500 மில்லிகிராம். எலும்பைப் பொறுத்தவரை காரீயமும் கால்சியமும் ஒன்றுதான், இரண்டையும் சேர்த்து அடுக்கி வைக்கும். ரத்தத்தில் இருக்கும் காரீயம் ஒரு மாதம் போலப் பாதியாகிவிடும். எலும்பில் போனது பல பத்தாண்டுகள் தங்கும். கர்ப்பத்திலும் பால் கொடுக்கும் காலத்திலும் குழந்தைக்காக எலும்பிலிருந்து கால்சியம் எடுக்கும்போது பழைய காரீயமும் கூடவே கிளம்பி வரும். உணவில் கால்சியம் போதுமானால் எலும்பில் கை வைக்கும் தேவை குறையும். மெக்ஸிகோ நகரில் கர்ப்பிணிகளுக்குத் தினம் 1,200 மில்லிகிராம் கால்சியம் கொடுத்துப் பார்த்த ஆய்வில் ரத்தக் காரீயம் சராசரியாக 11 விழுக்காடு குறைந்தது. பெரிய குறைவில்லை, ஆனாலும் குறைவுதான். கேழ்வரகுக் கூழும் நெல்லிக்காயும் மலையில் சுலபம், அதற்குப் பிரசங்கம் தேவைப்படவில்லை.

வீட்டைச் சுத்தம் செய்வதில் ஒரு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னேன்: துடைப்பத்தைத் தொடாதீர்கள். பெருக்கினால் தூசி எழும், ஈரத் துணியால் துடைத்தால் அடங்கும். இரண்டு வாளி, ஒன்றில் நனைத்து மற்றதில் அலசுவது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பழைய சுண்ணாம்பைச் சுரண்டுவது வழக்கம். சுரண்டாமல் அப்படியே நனைத்து, மேலே சிமென்ட் பூசச் சொன்னேன். உருக்கிய இடத்தில் கான்கிரீட் போட்டார்கள். போகிக்குப் பழைய பாயையும் சாக்கையும் எரிக்க வேண்டாம் என்றதற்கு மாமியார் முகம் சுளித்தார், ஆனால் எரிக்கவில்லை.

பிரசவமும் பிறகும்

30-ஆவது வாரத்தில் 29. 36-இல் 25. முதலில் வேகமாக இறங்கிப் பிறகு தேங்கியது. எலும்புக் கணக்கு அப்படித்தான் இருக்கும். ஹீமோகுளோபின் 10.4 வரை வந்தது. வயிற்று வலி மலைக்குப் போன மூன்றாம் வாரமே நின்றுவிட்டது. 20 கொண்டை ஊசி வளைவுப் பாதையில் நடுராத்திரி வலி வந்தால் ஆபத்து என்று 36 முடிந்ததும் கீழே அழைத்து வந்து, பட்டறை வீட்டுக்குப் போகாமல் சித்தி வீட்டில் தங்க வைத்தார்கள். பொங்கலுக்கு முன் பெண் குழந்தை, 2.45 கிலோ. தொப்புள்கொடி ரத்தத்தில் 21. நஞ்சுக்கொடி பல நஞ்சுகளைத் தடுக்கும், காரீயத்தைத் தடுப்பதில்லை. தாயிடம் இருப்பதில் பெரும்பங்கு அப்படியே குழந்தைக்குப் போய்விடும்.

தாய்ப்பால் கொடுக்கலாமா என்று எல்லோரும் பயந்தார்கள். தாயின் அளவு 40-க்கு மேல் இருந்தால்தான் நிறுத்தி வைக்கச் சொல்கிறார்கள். 25-இல் தாராளமாகக் கொடுக்கலாம், குழந்தையின் ரத்தத்தை மட்டும் அவ்வப்போது பார்க்க வேண்டும். ஆறாம் வாரம் 15, ஆறாம் மாதம் 8. பையன் மூன்று மாதத்தில் 22-க்கும், ஒன்பது மாதத்தில் 14-க்கும் இறங்கினான்.

எதைச் சொல்லலாம்

பையன் மூன்றரை வயதில் இரண்டு சொல் சேர்த்துப் பேசிக்கொண்டிருந்தான். இப்போது வாக்கியம் வருகிறது. இதற்குக் காரணம் காரீயம் என்று அவன் அப்பா நம்புகிறார். நான் அப்படி எழுத மாட்டேன். மலைக்குப் போனதும் கையில் செல்போன் இல்லை, பேச மாமா பிள்ளைகள் நான்கு பேர் இருந்தார்கள், கூடவே பேச்சுப் பயிற்சியும் நடந்தது. ஒரு குழந்தையை வைத்து இதைப் பிரித்துச் சொல்ல முடியாது. கூட்டமாகப் பார்த்தால்தான் தெரியும். 2005-இல் ஏழு ஆய்வுகளைச் சேர்த்து 1,333 குழந்தைகளைப் பார்த்தபோது, ரத்தக் காரீயம் 2.4-இலிருந்து 10-க்கு ஏறினால் அறிவுத்திறன் எண்ணில் 3.9 குறைவதாகத் தெரிந்தது. ஏறுவதில் முதல் படிகளில்தான் இழப்பு அதிகம். அதனால் 33-இலிருந்து 14-க்கு வந்ததை வெற்றி என்று எழுதவும் எனக்குக் கை வரவில்லை. குழந்தையின் 2.45 கிலோவைப் பற்றியும் இதேதான். இரும்பும் குறைந்திருந்த தாய், எதற்கு எவ்வளவு பங்கு என்று யாரால் பிரிக்க முடியும்?

வயிற்று வலி, மலச்சிக்கல், நீலப் பொட்டு, இடம் மாறியதும் இறங்கிய எண்கள் ஆகியவற்றை உறுதியாகக் காரீயக் கணக்கில் எழுதலாம்.

யாரிடம் புகார் சொல்வது என்று ஒரு வாரம் சுற்றினேன். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தில், மருத்துவர் கண்டால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் முதலில் நின்றதே காரீய நஞ்சுதான். ஆனால் மின்சாரம் பயன்படுத்துகிற இடத்தில் 10 பேராவது வேலை செய்தால்தான் அந்தச் சட்டம் அதைத் தொழிற்சாலையாக எண்ணியது. அதன் இடத்தில் 2020-இல் இயற்றி 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொகுப்புச் சட்டம் இந்தப் பத்தை இருபது ஆக்கியது. மாமனார், மாமியார், மகன், மருமகள், ஆக நான்கு பேர். ஐந்தாவது ஆள் மூன்றரை வயது. பழைய பேட்டரிக்கு 2022-ஆம் ஆண்டு விதிகள் இருக்கின்றன, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் போக வேண்டும். அந்தத் தகடுகள் காயலான் கடையிலிருந்து கிலோ கணக்கில் இந்தப் பொடக்காளிக்கு வந்தவை.

என் பக்கத்தில் ஒரு மாற்றம் செய்தேன். கர்ப்பிணி அட்டையில் ‘தொழில்’ என்ற சொல்லை அடித்துவிட்டு ‘வீட்டில் யார், என்ன வேலை, எந்த இடத்தில்’ என்று எழுதிக் கேட்கிறேன். ‘மண், சாம்பல் தின்னத் தோணுதா’ என்ற கேள்வியை நான் கேட்டால் எல்லோரும் இல்லை என்கிறார்கள். செவிலியர் கேட்டால் சிரிக்கிறார்கள். அதனால் அதை அவரே கேட்கிறார்.

மாமனார் உருக்குவதை நிறுத்திவிட்டார், இப்போது கொலுசுக்குத் திருகு பூட்டுகிறார். கை நடுக்கம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. அந்தப் பதினான்கு சாம்பல் கட்டிகளைச் சாக்கில் கட்டி வைக்கச் சொல்லியிருந்தேன், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் விசாரித்துச் சொல்கிறேன் என்று. அடுத்த முறை போனபோது மூலை காலியாக இருந்தது. அதில் காரீயம் இருக்கிறதே, எடுக்கத் தெரிந்தவர்கள் எடுப்பார்கள், ஒருவர் டூவீலரில் வந்து எடை போட்டு வாங்கிப் போய்விட்டாராம். எங்கே கொண்டுபோனார் என்று கேட்டேன்.

“ஆத்தூர்ப் பக்கம்னாருங்க.”

ஊர்ப்பெயர் நினைவில்லை. கிலோவுக்கு என்ன விலை கொடுத்தார் என்பது மட்டும் காசு வரை நினைவிருந்தது.